கடைவாய்ப் பல்லைப் பார்த்த சாட்சி

யார்க் கோட்டைச் சிறைக்குப் போகிற வண்டி காலையிலேயே வந்து 'மூன்று வாத்து' விடுதியின் வாசலில் நின்றுவிட்டது. அதைப் பார்த்ததிலிருந்து வாட் பிக்கரிங் வாசலுக்கும் கூடத்துக்குமாக நடந்துகொண்டே இருந்தான்.

ஒரு காலத்தில் ஊர் ஊராகப் போய் கோமாளி வேஷம் கட்டியவன் வாட். இப்போது எட்டு வருஷமாகத் தார்ன்பி ஊர்க் கான்ஸ்டபிள் ஹியூ லேதமுக்கு உதவியாள். பிணத்தைத் தூக்கிக்கொண்டு போகும்போதுகூட ஏதாவது சொல்லிச் சிரிக்க வைக்கிறவன், இன்று நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ள நின்றான். வண்டி வந்தது அவனுடைய கூடப்பிறந்த அக்காவுக்காக.

ஆக்னஸ் அக்கா விதவை. விடுதி அவளுடையது, பின்கட்டில் இருக்கிற வைக்கோல் கொட்டகையும் அவளுடையது. போன ஞாயிறு பொழுது விடிவதற்குள் அந்தக் கொட்டகையில், போப்பாண்டவரைப் பின்பற்றுகிற பழைய மதத்துக்காரர்கள் கூடி ரகசியப் பூசை வைத்தார்கள் என்பது குற்றச்சாட்டு. பூசை வைத்த சாமியார் தப்பிவிட்டாராம். கடல் தாண்டிப் போய் குருப்பட்டம் வாங்கிக்கொண்டு இங்கிலாந்தில் கால் வைக்கிறவன் ராஜத்துரோகி. அவனுக்கு ஒரு வேளை சாப்பாடு போட்டவர்களுக்கும், ஒரு ராத்திரி படுக்க இடம் கொடுத்தவர்களுக்கும் தூக்கு. ராணியம்மாவின் சட்டம் அப்படி.

லண்டனிலிருந்து சாமியார் வேட்டைக்கு வந்திருந்த கிடியன் ஸ்ட்ராங், விடுதியின் கூடத்தில் நடுநாயகமாக உட்கார்ந்திருந்தார். ஆக்னஸின் கைகளைக் கயிற்றால் கட்டியவரே அவர்தான். பக்கத்தில் ஊர் மாஜிஸ்ட்ரேட் சர் ஹம்ஃப்ரி வார்ட்லா, சீக்கிரம் முடிந்தால் தேவலை என்கிற முகத்தோடு பீர் குடித்துக்கொண்டிருந்தார்.

"சாட்சி யாருங்க?" என்று கேட்டார் லேதம். ஒல்லியான, மெதுவாகப் பேசுகிற மனிதர் அவர். கோபம் வந்தால் இன்னும் மெதுவாகப் பேசுவார்.

"இதோ இருக்காரே, நம்ம மிஸ்டர் க்ரூ. என்கூட வந்தவரு. எழுந்து சொல்லுங்க!" என்றார் ஸ்ட்ராங்.

நத்தானியேல் க்ரூ எழுந்தான். சாம்பல் நிறக் கம்பளிச் சட்டை, தோள் வரைக்கும் விரிந்த வெள்ளைக் கழுத்துப்பட்டை. பால் குடிக்கிற பூனை மாதிரி சாதுவான குரல்.

"கொட்டகைப் பின்சுவர்ல ஒரு ஓட்டை இருக்குங்க. அது வழியாத்தான் பார்த்தேன். ஏழெட்டுப் பேர் முழங்கால்ல நின்னாங்க, எல்லாரும் முக்காடு. சாமியார் முகம் சரியாத் தெரியலை. ஆனா இந்தம்மாவை மட்டும் அடையாளம் தெரிஞ்சுது. இடது பக்கம் மேல் கடைவாய்ப் பல்லு ஒண்ணு இவங்களுக்கு இல்லை."

ஸ்ட்ராங் எழுந்து போய் ஆக்னஸின் தாடையைப் பிடித்து, மாட்டுச் சந்தையில் பார்ப்பதுபோல வாயைத் திறந்து காட்டினார். பல் இல்லைதான். அந்த இடைவெளிக்கு வெட்கப்பட்டு அக்கா சிரிக்கும்போதெல்லாம் கையால் வாயை மூடிக்கொள்வது வாட்டுக்குத் தெரியும். இப்போது மூடிக்கொள்ளக் கைகூட இல்லை. அவனுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

"நீ சொல்றதுக்கு ஏதாவது இருக்காம்மா?" என்றார் மாஜிஸ்ட்ரேட்.

ஆக்னஸ், க்ரூவையே பார்த்துக்கொண்டிருந்தாள். கோபமாகப் பார்த்திருந்தால் வாட்டுக்குப் புரிந்திருக்கும். ஆனால் அது தொண்டை வரை வந்த ஒன்றைக் கஷ்டப்பட்டு முழுங்குகிறவளின் பார்வை. கடைசியில், "ஒண்ணுமில்லைங்க" என்றாள்.

"கேட்டீங்களா? சாப்பாடு ஆனதும் வண்டி கிளம்பட்டும். யார்க்ல பேச வைப்பாங்க. பேசாட்டி மேல பலகையைப் போட்டு, பலகை மேல கல்லை ஏத்துவாங்க. எப்பேர்ப்பட்ட ஊமைக்கும் வாய் வரும்" என்று ஸ்ட்ராங் சிரித்தார்.

"அப்போ சாப்பாடு வரைக்கும் எனக்கு டைம் கொடுங்க" என்றார் லேதம்.

"எதுக்கு?"

"கொட்டகையைப் பார்க்க. என் ஊர்ல நடந்ததை நானே பார்க்கலைன்னா நல்லாவா இருக்கும்?"

சர் ஹம்ஃப்ரி தலையாட்டினார். ஸ்ட்ராங் தோளைக் குலுக்கிக்கொண்டார்.

*

கொட்டகையில் ஈர வைக்கோல் வாசனை. கிழக்குப் பக்கம் ஒரு பழைய பீப்பாய் கவிழ்த்து வைத்திருந்தது, அதன் மேல் சொட்டுச் சொட்டாக மெழுகு. பூசை நடந்தது பொய்யில்லை.

வாட்டுக்கு ஒரு ரகசியம் உண்டு, எட்டு வருஷமாக லேதமிடம்கூடச் சொல்லாதது. பூசைக்கெல்லாம் அவன் போகிறவன் இல்லை, அதற்குத் தைரியம் கிடையாது. ஆனால் அம்மா பழக்கிவிட்ட கை. இடி இடித்தால், யாராவது செத்தால், படுக்கைக்குப் போனால், தன்னால் சிலுவை போட எழும்பும். அந்தக் கையை அடக்குவதே அவனுக்குப் பாதிப் பிழைப்பாகப் போயிற்று. லேதமோ ஞாயிறு தவறாமல் ராணியம்மாவின் புது மதக் கோயிலில் முதல் பெஞ்சில் உட்காருகிறவர். ஒரு நாள்கூட விட்டதில்லை.

"வாட், அந்தப் பீப்பாய் முன்னால போய் முழங்கால்ல நில்லு" என்றார் லேதம்.

"பிரார்த்தனை பண்ணவா ஐயா? பண்ற அளவுக்கு நிலைமை வந்துருச்சுதான்."

"நில்லுடா."

நின்றான். லேதம் வெளியே போய்ப் பின்சுவரின் ஓட்டையில் கண்ணை வைத்தார்.

"வாயைத் திற!" என்று அவர் குரல் மட்டும் உள்ளே வந்தது.

"திறந்தாச்சு!"

"நல்லாத் திற!"

"இதுக்கு மேல திறந்தா குடல் தெரியும் ஐயா!"

"எனக்கு ஒண்ணுமே தெரியலையே."

"எப்படித் தெரியும்? நீங்க நிக்கிறது என் முதுகுப் பக்கம். முதுகுல எனக்கு வாய் கிடையாது. இருந்திருந்தா டபுள் சம்பளம் கேட்டிருப்பேன்."

சொல்லி முடிப்பதற்குள் வாட் அப்படியே நின்றுவிட்டான். பூசையில் எல்லோரும் பீப்பாயைப் பார்த்துத்தான் நிற்பார்கள். ஓட்டைக்கு முதுகுதான் தெரியும்.

"ஐயா! அப்ப அவன் பொய் சொல்றான்! பல்லை எங்கயோ வேற எடத்துல பார்த்திருக்கான்!"

லேதம் உள்ளே வந்து கையில் ஒட்டிய தூசியைத் தட்டினார். அவர் முகத்தில் சந்தோஷமே இல்லை, வெளுத்துப் போயிருந்தது.

"பொய் சொல்லலைடா. பார்த்திருக்கான். இங்கயேதான் பார்த்திருக்கான்."

"எங்க நின்னு?"

"உங்க அக்கா அவனைப் பார்த்த பார்வையைக் கவனிச்சியா?" என்று கேட்டார் லேதம். பிறகு, "இந்தப் பல்லு விஷயத்தை யார்கிட்டயும் மூச்சு விடாதே. விட்டா அக்காவை நாமே தூக்குல போட்ட மாதிரி ஆயிடும்" என்றார்.

வாட்டுக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. பயம் மட்டும் இரண்டு மடங்காயிற்று.

*

சமையலறையில் வாத்துக்கறி வெந்துகொண்டிருந்தது. ஆக்னஸ் கட்டப்பட்டுக் கிடந்ததால் அடுப்பைப் பார்த்துக்கொண்டது வாட்தான். லேதம் உள்ளே வந்து, உலர்ந்த பழங்கள் போட்டுக் கொதிக்கிற கறுப்புக் குழம்பைக் கரண்டியால் கிளறிப் பார்த்தார்.

"இன்னும் கெட்டியாகட்டும். நிறைய ஊத்திப் பரிமாறு. விரலெல்லாம் நனையணும்."

"என் அக்காவைத் தூக்குல போடப் போறவனுக்கு நான் குழம்பு ருசி பார்க்கணுமாக்கும்! எலி பாஷாணம் இருந்தா கொடுங்க, அதையும் கெட்டியாக் கலக்கறேன்."

"வாட், நான் சொல்றதைக் கேளு. நான் கொஞ்ச நேரம் வெளிய போறேன். அந்தப் பெரிய ஈயத் தாம்பாளத்துல ரெண்டாவது வாத்தை வச்சு, ரெண்டு கையாலயும் தூக்கிக்கிட்டு மேஜைகிட்ட நில்லு. கோயில் மணி கேட்கும். கேட்டதும் யார் முகத்தையும் பார்க்காதே, கையைப் பாரு. என்ன ஆனாலும் தாம்பாளத்தைக் கீழ வைக்காதே. ஒரு கையைக்கூட எடுக்காதே. புரிஞ்சுதா?"

"மணி கேட்டா என்ன ஐயா ஆகும்?"

"நான் நினைக்கிறது நடந்தா அக்கா வீட்டுக்கு வருவா."

"நடக்காட்டி?"

லேதம் தொப்பியை எடுத்து வைத்துக்கொண்டு பின்வாசல் வழியாகப் போய்விட்டார்.

*

தாம்பாளம் செத்த கழுதை கனம் கனத்தது. வாட் அதை ஏந்திக்கொண்டு மேஜையோரம் நின்றான். குழம்பு விளிம்பு வரை வந்து வந்து திரும்பியது. ஸ்ட்ராங் காலைப் பிய்த்துக் கடித்துக்கொண்டிருந்தார். மாஜிஸ்ட்ரேட் ரொட்டியைக் குழம்பில் ஊறவைத்துத் தின்றார். க்ரூ நாசூக்காக மூன்று விரலால் கறியைக் கிள்ளி, குழம்பில் தோய்த்து, வாயில் போட்டுக்கொண்டிருந்தான். பெஞ்சு ஓரத்தில் ஆக்னஸ் கட்டிய கைகளை மடியில் வைத்துக்கொண்டு குனிந்திருந்தாள். ஜன்னல் வழியே வண்டிக்காரன் குதிரைக்குத் தண்ணீர் காட்டுவது தெரிந்தது.

"சாப்பிட்டாச்சு, கிளம்பலாமா?" என்றார் ஸ்ட்ராங். "உங்க கான்ஸ்டபிள் எங்க போனாரு? ஓடிட்டாரா?"

அப்போது மணி அடித்தது.

வழக்கமான ஆராதனை மணியில்லை. ஒரு அடி, ரொம்ப நேரம் மௌனம், மறுபடி ஒரு அடி. சாவு மணி. ஊரில் யாருடைய உயிரோ பிரிகிற நேரம்.

வாட்டின் வலது கை அவனைக் கேட்காமலே துடித்தது. தாம்பாளம் ஒரு பக்கம் சாய்ந்தது, சூடான குழம்பு கட்டைவிரலில் கொட்டியது. 'ஐயோ அம்மா' என்று மனசுக்குள் அலறிக்கொண்டு இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்தான். எதிரே ஆக்னஸின் கைகள் எழும்பப் பார்த்துக் கயிற்றில் சிக்கி நின்றன. மாஜிஸ்ட்ரேட் குவளையைக் கீழே வைத்துத் தலைகுனிந்தார். ஸ்ட்ராங் கடிப்பதை நிறுத்தவே இல்லை.

க்ரூவின் கையை வாட் பார்த்தான். அந்தக் குழம்பு விரல்கள் அமைதியாக எழும்பின. நெற்றியைத் தொட்டன. நெஞ்சைத் தொட்டன. இடது தோள். வலது தோள். உதடு ஏதோ முணுமுணுத்தது. அடுத்த நொடியே கை மறுபடி கறிக்குப் போயிற்று. தான் என்ன செய்தோம் என்பது அவனுக்கே தெரியவில்லை.

வேறு யாரும் பார்க்கவில்லை. வாட் மட்டும்தான் பார்த்தான். இப்போது அவன்தான் வாயைத் திறக்க வேண்டும். கோமாளி வேஷத்தில் ஆயிரம் பேர் முன்னால் பேசியவனுக்கு, நாலு பேர் முன்னால் குரல் வரவில்லை. திறந்தால் தன்னைப் பார்த்தே 'உனக்கு எப்படித் தெரியும்?' என்று கேட்பார்களே! வாசலில் குதிரை செருமியது.

"மிஸ்டர் க்ரூ" என்றான். குரல் கீச்சென்று வந்தது. "குழம்பு நல்லா இருக்குங்களா?"

"ம், நல்லா இருக்கு."

"வாய்க்குப் போக வேண்டியது நெத்திக்குப் போயிருக்கே, அதான் கேட்டேன். நெத்தியில ஒண்ணு. நெஞ்சுல ஒண்ணு. அந்த வெள்ளைப் பட்டையில இந்தத் தோள்ல ஒண்ணு, அந்தத் தோள்ல ஒண்ணு. இப்படி நாலு மூலைக்கும் பார்த்துப் பார்த்துச் சிந்துறவரை நான் பார்த்ததே இல்லைங்க."

மாஜிஸ்ட்ரேட் மெதுவாகத் தலையைத் திருப்பினார். க்ரூவின் வெள்ளைக் கழுத்துப்பட்டையில் இரண்டு பக்கமும் இரண்டு கறுப்புப் பொட்டுகள். சட்டையில் ஒன்று. நெற்றியிலிருந்து ஒன்று மூக்குக்கு வழிந்துகொண்டிருந்தது.

க்ரூ கையைப் பார்த்தான். சட்டையைப் பார்த்தான். முகத்தில் ரத்தமே இல்லை.

"சாவு மணிக்குச் சிலுவையா?" என்றார் சர் ஹம்ஃப்ரி. "என் வீட்டுல உட்கார்ந்து போப்பாண்டவரை அப்படித் திட்டினியே! நீ பழைய மதமா?"

"பழைய மதத்துக்காரன் சத்தியம் பண்ணிச் சொன்ன சாட்சி செல்லுமாங்க?" என்று வாசலிலிருந்து குரல் கேட்டது. லேதம் நின்றிருந்தார், வேர்த்து விறுவிறுத்து, மூச்சு வாங்க.

ஸ்ட்ராங் குதித்து எழுந்தார். "அதெல்லாம் பழைய கதை! பழக்கதோஷம்! அந்தப் பட்டத்தையெல்லாம் தூக்கி எறிஞ்சுட்டு இவரு எங்க பக்கம் வந்து..."

அவர் நிறுத்திக்கொண்டார். ஆனால் சொல்ல வேண்டியதைச் சொல்லிவிட்டார்.

"பட்டமா?" லேதமின் குரல் இன்னும் மெதுவாகியது. "என்ன பட்டங்க மிஸ்டர் ஸ்ட்ராங்? குருப்பட்டமா? கடல் தாண்டிப் போய் வாங்கினதா?"

லேதம் கூடத்துக்குள்ளே வந்தார்.

"தப்பிச்சுப்போன சாமியாரைத் தேடிக்கிட்டிருந்தோம். தப்பிக்கவே இல்லை போலிருக்கு, வாத்து தின்னுக்கிட்டிருக்காரு. கொட்டகைக்குள்ள பூசை வச்சவரும் இவரே, வெளிய வந்து சாட்சி சொன்னவரும் இவரே. யார் வைக்கச் சொல்லி வச்சாருன்னு நான் கேட்கலை. லண்டன்ல கேட்பாங்க. இவர் சரணடைஞ்சு ராணியம்மாவுக்குச் சத்தியம் பண்ணிக்கொடுத்தது ஊரறிய எங்கயாவது நடந்திருக்கா? இல்லைன்னா இவருக்குச் சோறு போட்டவங்க, படுக்க எடம் கொடுத்தவங்க எல்லாருக்கும் சட்டம் ஒண்ணுதான். ஆமா, நேத்து ராத்திரி இவர் எங்க படுத்தாரு?"

மாஜிஸ்ட்ரேட்டின் கையிலிருந்த ரொட்டி குழம்பில் விழுந்தது. க்ரூ இரண்டு ராத்திரியாக அவர் வீட்டு விருந்தாளி. பட்டு மெத்தையில் படுக்க வைத்து, தன் கையாலேயே மதுவும் ஊற்றிக் கொடுத்திருந்தார்.

"அந்தப் பொம்பளை கட்டை அவுத்து விடு!" என்று கத்தினார் சர் ஹம்ஃப்ரி. "சாட்சி செல்லாது! வழக்கும் இல்லை, ஒண்ணும் இல்லை! மிஸ்டர் ஸ்ட்ராங், உங்க ஆளைக் கூட்டிக்கிட்டு இப்பவே, இந்த நிமிஷமே, என் எல்லையைத் தாண்டிப் போயிடுங்க. இவன் என் வீட்டுப் பக்கமே வந்ததில்லை. புரிஞ்சுதா? வந்ததே இல்லை!"

ஸ்ட்ராங் லேதமைப் பார்த்த பார்வையில் கொலை இருந்தது. ஆனால் வாயைத் திறக்கவில்லை. திறந்தால் பூசைக்கு ஏற்பாடு செய்தது யார் என்கிற கேள்வி வரும். இருவரும் அதே வண்டியில் ஏறிப் போனார்கள். க்ரூ நெற்றியைத் துடைத்துக்கொள்ளவும் மறந்து போனான்.

*

ஆக்னஸ் அடுப்படியில் உட்கார்ந்து, கயிறு அறுத்த மணிக்கட்டைத் தேய்த்துக்கொண்டு விசும்பி விசும்பி அழுதாள்.

"பார்த்த உடனே தெரிஞ்சுதுடா தம்பி, இவன்தான் அவன்னு. எப்படிடா வாயைத் திறப்பேன்? இவன்தான் சாமியார்னு சொன்னா, நீ அங்க இருந்தியான்னு கேட்பாங்களே. அங்க இருந்த அத்தனை பேர் கழுத்தும் என் நாக்குல தொங்குச்சு."

வாட் அவளைக் கட்டிக்கொண்டான். பிறகு பின்வாசலில் நின்றிருந்த லேதமிடம் போனான்.

"ஐயா, அந்தப் பல்லு?"

"நம்ம கோயில்ல பிரசாதமாத் தர்ற அப்பத்தை எப்படி வாங்குவே?"

"கையை நீட்டி."

"அவங்க பூசையில?"

வாட் யோசித்தான். அம்மா சொன்னது ஞாபகம் வந்தது. தலையை நிமிர்த்தி, கண்ணை மூடி, வாயைத் திறந்து, நாக்கை நீட்டி... கையை நீட்டியே பழகிய ஸ்ட்ராங்குக்கு அந்தச் சாட்சி க்ரூவையே காட்டிக்கொடுக்கும் என்று தோன்றவில்லை. அக்காவின் கடைவாயை அன்றைக்குப் பார்த்திருக்கக்கூடிய ஒரே ஆள், அதில் அப்பத்தை வைத்தவன்.

"எல்லார் முன்னாலயும் அதைச் சொல்லியிருந்தா அக்கா பூசைக்குப் போனதும் நிரூபணமாகியிருக்கும்" என்றார் லேதம். "அதான் குழம்பு."

"மணி அடிச்சுதே, செத்தது யாரு ஐயா?"

"சாட்சி."

வாட் சிரித்தான். காலையிலிருந்து முதல் சிரிப்பு. கட்டைவிரல் கொப்புளத்தை ஊதிக்கொண்டே, "ஆனாலும் அந்தத் தாம்பாளத்தை மேஜையில வச்சுட்டு வேடிக்கை பார்த்திருக்கலாம். ரெண்டு கையாலயும் தூக்கி நிக்க வச்சு என் தோளையே..." என்று ஆரம்பித்தவன் பாதியில் நிறுத்தினான்.

ஒரு கையைக்கூட எடுக்காதே.

"ஐயா" என்றான். "உங்களுக்குத் தெரியுமா?"

"எட்டு வருஷமா உன்கூட இடி மின்னல்ல நடந்திருக்கேனே."

முதல் பெஞ்சு லேதம். ஞாயிறு தவறாத லேதம். வாட் அவர் முகத்தையே பார்த்தான்.

"எல்லார் கையையும் என்னைப் பார்க்கச் சொன்னீங்க. கோயில்ல மணி அடிக்கிற ஆள் அங்கதானே இருந்தான், அவனே அடிச்சிருப்பானே. நீங்க எதுக்கு ஐயா அவ்வளவு தூரம் ஓடிப் போய் அடிச்சீங்க?"

ஹியூ லேதம் தன் இரண்டு உள்ளங்கைகளையும் விரித்துப் பார்த்தார். மணிக்கயிறு உரசி இரண்டும் சிவந்து கிடந்தன.

"அந்தக் கயிறு பெரிய கயிறுடா வாட்" என்றார். "ரெண்டு கையாலயும் பிடிச்சாத்தான் இழுக்க முடியும்."